கோயில் பாஸ்வேர்டும் குவாண்டம் கணினியும்

காவடி முடிந்த மறுவாரம் கோயில் ஆபீசில் உட்கார்ந்து ரசீதுக் கணக்கைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். குருக்கள் வந்தார். கும்பகோணத்துக்காரர், மொரீசியஸ் வந்து ஒன்பது வருஷம். கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி.

"தம்பி, குவாண்டம் கம்ப்யூட்டர்னு ஒண்ணு வந்துடுத்தாமே. இனிமே எந்தப் பாஸ்வேர்டும் நிக்காதாம். நிமிஷத்துல உடைச்சுடுமாம். கோயில் கணக்கெல்லாம் என்ன ஆறது?"

நான் கணினித் திரையின் ஓரத்தைக் காட்டினேன். அங்கே ஒட்டியிருந்த மஞ்சள் தாளில் கோயில் பெயர், அதன் வாலில் 1968. நாடு சுதந்திரம் பெற்ற ஆண்டு. அதுதான் எங்கள் பாஸ்வேர்டு. அதை உடைக்கக் குவாண்டம் எதற்கு, வாசலில் பூக்கட்டும் பாட்டியே போதும்.

நான் மொரீசியஸின் ஐடி நகரான எபேனில் சர்வர் பார்க்கிற ஆள். சொந்த ஊர் காரைக்கால். சென்னையில் இருக்கும் குழுவோடு நாள் முழுக்கத் தமிழில்தான் மாரடிக்கிறேன், அதனால் இதைத் தமிழில் சொல்வது எனக்குச் சுலபம். அன்று சாயரட்சை வரை குருக்களிடம் சொன்னதையும், அதற்குப் பிறகு கோயிலிலும் ஆபீசிலும் செய்ததையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்கும் சின்ன ஆபீசுக்கும் இதே வரிசை ஒத்துவரும்.

முதலில் எந்தப் பூட்டு உடையும், எது உடையாது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். பூட்டில் மூன்று ரகம், கோயிலிலேயே மூன்றுக்கும் உதாரணம் கிடைத்தது.

ஒன்று, உண்டியல். யார் வேண்டுமானாலும் காசு போடலாம், திறக்கும் சாவி தர்மகர்த்தா கையில் மட்டும். ஆர்எஸ்ஏ, நீள்வட்ட வளைவு முறை என்ற மறையாக்க முறைகள் எல்லாம் இந்த ரகம். முன்பின் பார்த்திராத இரண்டு கணினிகள் ஒரு ரகசியச் சாவியைப் பேசி முடிப்பதற்கு இதைத்தான் நம்பியிருக்கின்றன. நீங்கள் வங்கித் தளத்தைத் திறக்கும் அந்த முதல் நொடியில் நடப்பது அது. பெல் ஆய்வகத்தில் இருந்த பீட்டர் ஷோர் 1994-ல் ஒரு கணக்கைக் காட்டினார்: போதிய அளவு பெரிய குவாண்டம் கணினி இருந்தால், உண்டியலின் வாயைப் பார்த்தே சாவி வெட்டிவிடலாம். ஆபத்து இங்கேதான்.

இரண்டு, நகைகள் வைக்கும் இரும்புப் பெட்டி. பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி. ஏஇஎஸ் என்ற மறையாக்க முறை இந்த ரகம். மூன்று, அரைத்த மாவு. நல்ல தளங்கள் உங்கள் பாஸ்வேர்டை அப்படியே வைத்துக்கொள்வதில்லை, ஹாஷ் என்ற ஆட்டுக்கல்லில் அரைத்து மாவை மட்டும் வைத்துக்கொள்கின்றன. மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. திருடன் ஒவ்வொரு அரிசியாக அரைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதுதான். ஆளுக்கு ஆள் மாவு வேறுபட வேண்டும் என்று அதில் ஒரு சிட்டிகை வேறு சேர்ப்பார்கள், அதற்குப் பெயரே உப்பு. சமையல்காரன் எவனோ வைத்த பெயர் போலிருக்கிறது.

இந்த இரண்டு ரகத்துக்கும் ஷோர் வழி உதவாது. 1996-ல் லவ் குரோவர் கண்ட இன்னொரு வழி உண்டு. கோடி கோடி முறை தேட வேண்டியதை அது ஒரு கோடியாகச் சுருக்கும். கேட்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தேடல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டும், ஆயிரம் இயந்திரத்துக்குப் பங்கு போட்டால் ஆயிரம் மடங்கு வேகம் கிடைக்காது. சாவியை நீளமாக்கினால் தீர்ந்தது: ஏஇஎஸ் 128 இருக்கும் இடத்தில் 256. அவ்வளவுதான்.

அந்த இயந்திரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? ஆர்எஸ்ஏ பூட்டு நிற்பதே, ஒரு பெரிய எண்ணை அதன் காரணிகளாகப் பிரிப்பது கடினம் என்பதால்தான். ஷோர் வழியில் 2001-ல் 15-ஐ மூன்று, ஐந்து என்று பிரித்தார்கள். 2012-ல் 21. இன்றைய ஆர்எஸ்ஏ 2048-ல் இருக்கும் எண்ணுக்கு 617 இலக்கம். 2024 டிசம்பரில் கூகுள் அறிவித்த வில்லோ என்ற குவாண்டம் சில்லில் 105 கியூபிட், அதாவது குவாண்டம் கணினி கணக்குப் போடும் அடிப்படை அலகு. அப்படியானால் நிம்மதியாகத் தூங்கலாமா என்றால், அதுவும் இல்லை. ஆர்எஸ்ஏ 2048-ஐ எட்டு மணி நேரத்தில் உடைக்க இரண்டு கோடி கியூபிட் வேண்டும் என்று 2019-ல் கிரெய்க் கிட்னியும் மார்ட்டின் எக்கெராவும் கணக்குப் போட்டார்கள். 2025 மே மாதம் அதே கிட்னி, பத்து லட்சத்துக்கும் குறைவாக இருந்தால் போதும், ஒரு வாரத்துக்குள் முடியும் என்றார். ஆறே வருஷத்தில் தேவை இருபதில் ஒரு பங்கு. இயந்திரம் மெதுவாக வளர்கிறது, கணக்கு வேகமாகக் கிட்டே வருகிறது. எனக்கு யோசனை தருவது இந்த இரண்டாவது விஷயம்தான்.

குருக்கள் காட்டிய செய்தி எதிலிருந்து முளைத்தது என்றும் ஊகிக்கிறேன். 2024 அக்டோபரில், சீன ஆய்வாளர்கள் ராணுவத் தர மறையாக்கத்தையே உடைத்துவிட்டார்கள் என்று தலைப்புகள் ஓடின. அவர்கள் பிரித்தது 22 பிட் எண், அதிகம் போனால் ஏழு இலக்கம். குருக்களின் பழைய கைப்பேசியே அதைக் கண்சிமிட்டும் நேரத்தில் பிரித்துவிடும்.

சரி, வேலைக்கு வருவோம். பாஸ்வேர்டிலிருந்து தொடங்குங்கள். குவாண்டத்துக்காக இல்லை, இன்றைய திருடனுக்காக. போன வருஷம் எங்கள் கோயிலின் சமூக வலைதளப் பக்கம் கைமாறிப் போனது. "உங்கள் பக்கம் முடக்கப்படும், உடனே உள்நுழையவும்" என்று ஒரு செய்தி. செயலாளர் பதறிப்போய் அதில் வந்த இணைப்பைத் தட்டி, அசலைப் போலவே இருந்த பக்கத்தில் பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்துவிட்டார். கதவை நாமே திறந்துவிட்டால் பூட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. இப்படி ஆனால் மாவ்கோர்ஸ் என்ற அரசின் இணையவழிப் புகார் வசதியில் உடனே பதியுங்கள். நாங்கள் நான்கு நாள் கழித்துத்தான் பதிந்தோம், வெட்கப்பட்டுக்கொண்டு.

புதிய பாஸ்வேர்டுக்கு நான் கண்ட வழி இது. 1,296 தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் வரிசையாக எழுதி ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். ஏன் 1,296? நான்கு பகடையை உருட்டினால் வரக்கூடிய வகை அத்தனை. பையனின் லூடோ பெட்டியிலிருந்து பகடை எடுத்துக்கொண்டு போனேன். நான்கு உருட்டினால் ஒரு சொல். இப்படி ஏழு சொல். ஏழு எதற்கு என்று குருக்கள் கேட்டார். விசேஷ நாளில் வாழை இலையில் ஏழு கறி போடுகிற ஊரில் அந்த எண் மறக்காது என்றேன். சிரித்தார். முதல் உருட்டலில் வந்தது: சட்டுவம், மூங்கில், பல்லி, நுரை, கதவு, தவிடு, உறுமி. இதை எழுதிவிட்டதால் இது செல்லாது, நீங்கள் உருட்டிக்கொள்ளுங்கள்.

இதில் இரண்டு எச்சரிக்கை. சொற்களை நீங்களாகத் தேர்ந்தெடுக்காதீர்கள், பிடிக்காத சொல் வந்தாலும் மாற்றாதீர்கள். மனசு தேர்ந்தெடுப்பது எப்போதும் முருகன், அம்மா, ஊர்ப் பெயர். பாட்டு வரி, பழமொழியும் வேண்டாம், அவையெல்லாம் திருடனின் பட்டியலில் ஏற்கெனவே இருக்கின்றன. இன்னொன்று எழுத்துக்கூட்டல். குருக்கள் வாழைக்கு எல் போடுவார், நான் இசட் ஹெச் போடுவேன். ரோஸ்ஹில்லில் பிறந்து வளர்ந்த என் மனைவி 'உ' வரும் இடமெல்லாம் பிரெஞ்சு வழக்கப்படி ஓ, யு என்று இரண்டு எழுத்து போடுவாள். முதல் வாரமே மூன்று முறை தவறாகத் தட்டிக் கணக்கு பூட்டிக்கொண்டது. அதன்பின் ழ, ள, ண வருகிற சொற்களைப் பட்டியலிலிருந்து தூக்கி, அந்த இடத்தில் வேறு சொல் போட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல் என்று முடிவு செய்தோம்.

இந்த ஏழு சொல்லில் எத்தனை சேர்க்கை உண்டு? ஏறத்தாழ ஆறு கோடி கோடி கோடி. குரோவர் வழியில் சுருக்கினால் 7,800 கோடி. ஆர்கான்2 போன்ற நிதானமான ஆட்டுக்கல்லில் ஒரு அரைப்புக்கு ஒரு நொடி என்று வைத்தாலும், குவாண்டம் கணினிக்கு இரண்டாயிரம் வருஷத்தைத் தொடும். ஆக பாஸ்வேர்டு விஷயத்தில் குவாண்டம் பயத்தை இங்கேயே இறக்கி வைத்துவிடலாம். ஏழு சொல் பாஸ்வேர்டு ஒன்றே ஒன்று போதும், அது பாஸ்வேர்டு மேலாளர் செயலிக்கு. மற்றதையெல்லாம் அந்தச் செயலியே தாறுமாறாக உருவாக்கட்டும், தளத்துக்கு ஒன்றாக. ஒரே பாஸ்வேர்டை இரண்டு இடத்தில் போடுகிறவனை எந்தக் கணிதமும் காப்பாற்றாது.

அரை நிமிஷத்துக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணைக் காட்டும் அங்கீகாரச் செயலிகளும் மாவு ரகம்தான், அதை வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கைப்பேசியோ கணினியோ தானே வைத்துக்கொள்ளும் சாவியான பாஸ்கீ மட்டும் உண்டியல் ரகம். அதனால் வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. பாஸ்கீயை உடைக்க அந்த இயந்திரம் கையில் இருக்கும் நாளில்தான் முடியும், அதற்குள் மாற்றிவிடலாம். போலிப் பக்கத்தில் பாஸ்கீ வேலையே செய்யாது என்பது இன்றைக்கே கிடைக்கிற லாபம். எங்கள் செயலாளர் அன்று பாஸ்கீ வைத்திருந்தால் பக்கம் போயிருக்காது.

இப்போது உண்மையாகவே குவாண்டத்துக்காகச் செய்ய வேண்டியது. அந்த இயந்திரம் இன்று இல்லை. ஆனால் இன்று போகும் போக்குவரத்தைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, இயந்திரம் வந்ததும் திறந்து படிக்கலாம். தீவில் இருக்கும் நமக்கு இதை விளக்கவே வேண்டாம். நம் இணையம் கடலடிக் கேபிளில் வருகிறது. 2002-ல் போட்ட சேஃப் கேபிள் தென்னாப்பிரிக்காவின் மெல்க்போஸ்ட்ராண்டில் கிளம்பி, ரெயூனியன், மொரீசியஸ், கொச்சி தொட்டு, மலேசியாவின் பினாங்கு வரை போகிறது. இங்கே கரையேறும் இடம் தெற்கே பே து ஜாக்கோத்தே. 2022-ல் அந்த நிலையத்தில் போக்குவரத்தை ஒட்டுக்கேட்கும் கருவி வைக்கப் பார்த்தார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்ததும், அது வெறும் ஆய்வுதான் என்று அரசு மறுத்ததும் நினைவிருக்கும். யார் சொன்னது சரி என்று நான் தீர்ப்பு சொல்ல வரவில்லை. நம் செய்தி எத்தனை பேர் கைபட்டுப் போகிறது என்பதை அந்த ஒரு மாதம் மார்க்கெட்டில் மிளகாய் விற்கிறவர் வரை எல்லோரும் பேசினார்கள், அதைத்தான் சொல்கிறேன்.

ஆகவே உங்களிடம் இருப்பதை ஆயுள்படி பிரியுங்கள். ஒருமுறைக் கடவு எண்ணின் ஆயுள் ஐந்து நிமிஷம். வங்கி இருப்பு, சில வருஷம். ஆனால் நம் அடையாள அட்டை எண்ணைப் பாருங்கள். 14 இடம், முதலில் குடும்பப் பெயரின் எழுத்து, அடுத்த ஆறு இலக்கம் பிறந்த தேதி. சாகும்வரை மாறாது. மருத்துவ அறிக்கை, ஜாதகம், உயில், பத்திரம் எல்லாம் இந்த ரகம். மிக்கேல் மோஸ்கா என்ற கணிதவியலாளர் இதற்கு எளிதாக ஒரு கூட்டல் சொன்னார்: ரகசியம் காக்க வேண்டிய வருஷம், பூட்டுகளை மாற்றி முடிக்க ஆகும் வருஷம், இரண்டையும் கூட்டுங்கள். குவாண்டம் இயந்திரம் வர ஆகும் வருஷத்தை அது தாண்டினால் ஏற்கெனவே தாமதம். கோயில் அலமாரியில் உறுப்பினர் படிவங்கள் இருநூற்றுச் சொச்சம், எல்லாவற்றிலும் அடையாள எண். ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அங்கும் இங்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதை நிறுத்தியது நான் செய்த உருப்படியான முதல் காரியம். இப்போது ஏஇஎஸ் 256-ல் பூட்டிய கோப்பாக ஒரு வட்டில் இருக்கிறது, அதற்கும் ஏழு சொல்.

பூட்டு மாற்ற என்ன கிடைக்கிறது என்றால், குவாண்டம் கணினிக்கும் தாங்கும் பூட்டுகளுக்காக அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2016-ல் தொடங்கிய போட்டி 2024 ஆகஸ்ட் 13-ல் மூன்று தரங்களாக வெளிவந்தது. சாவி பரிமாற்றத்துக்கு எம்எல்-கெம், கையெழுத்துக்கு எம்எல்-டிஎஸ்ஏ, எஸ்எல்ஹெச்-டிஎஸ்ஏ. ஆர்எஸ்ஏ 2048 போன்றவற்றை 2030-க்குப் பின் தவிர்த்து, 2035-க்குப் பின் முற்றிலும் விலக்குவது என்பது 2024-ல் அவர்கள் வெளியிட்ட வரைவுத் திட்டம். புதிய பூட்டை மட்டும் நம்பவும் கூடாது. அதே போட்டியில் நான்காம் சுற்று வரை வந்த சைக் என்ற முறையை 2022-ல் இரண்டு பேர் சாதாரணக் கணினியின் ஒரே ஒரு கோரில், ஒரு மணி நேரத்தில் உடைத்துக் காட்டினார்கள். அதனால்தான் பழைய பூட்டும் புதிய பூட்டும் சேர்த்துப் போடும் கலப்பு முறை. இரண்டையும் உடைத்தால்தான் திறக்கும்.

இதை உங்கள் பிரவுசர் செய்கிறதா என்று பார்க்க: கணினிக் குரோமில் ஒரு தளத்தைத் திறந்து எஃப்12 தட்டுங்கள். செக்யூரிட்டி என்ற பகுதிக்குப் போனால் இணைப்பு விவரத்தில் எக்ஸ்25519எம்எல்கெம்768 என்று வந்தால் கலப்புப் பூட்டு இருக்கிறது. வெறும் எக்ஸ்25519 என்றால் அந்தத் தளம் இன்னும் மாறவில்லை, அல்லது உங்கள் பிரவுசர் பழசு. செய்திச் செயலிகளுக்கு வருவோம்: சிக்னல் 2023 செப்டம்பரிலிருந்தும், ஐமெசேஜ் ஐஓஎஸ் 17.4-லிருந்தும் இதைச் செய்கின்றன. ஆயுள் நீண்ட ரகசியத்தைப் பேச வேண்டுமென்றால் அங்கே பேசுங்கள்.

2024 ஏப்ரலில் இதனால் நான் பட்ட பாடு ஒன்று. கலப்புப் பூட்டை இயல்பாகவே போடத் தொடங்கிய குரோம் 124 வந்த வாரம், ஆபீசில் ஒரு வாடிக்கையாளர் தளம் மட்டும் திறக்க மறுத்தது. என் கைப்பேசி இணையத்தில் திறக்கிறது, ஆபீஸ் கம்பியில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அரை நாள் அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் விளங்கியது: பழைய சாவித் துண்டு 32 பைட், புதியது அதோடு 1,184 சேர்ந்தது. ஒரே பாக்கெட்டில் போய்க்கொண்டிருந்த முதல் வணக்கம் இரண்டு பாக்கெட்டாகிவிட்டது. நடுவிலிருந்த எங்கள் கிழட்டு ஃபயர்வால் முதல் துண்டை மட்டும் படித்துவிட்டுக் கையை விரித்திருக்கிறது. உங்களுக்கும் இப்படி நடந்தால் குரோமில் புதிய பூட்டை அணைத்துவிட்டு வேலையைப் பார்க்கத் தோன்றும். நானும் இரண்டு நாள் அப்படித்தான் ஓட்டினேன். சரியான வைத்தியம் ஃபயர்வாலின் மென்பொருளைப் புதுப்பிப்பது.

சர்வர் வைத்திருப்பவர்கள், தொலைவிலிருந்து அதற்குள் நுழையப் பயன்படும் ஓபன்எஸ்எஸ்ஹெச் மென்பொருளின் பதிப்பைப் பாருங்கள். 9.0-லிருந்து ஒரு கலப்பு முறை இயல்பாகவே உண்டு, 10.0-லிருந்து அது எம்எல்-கெம். 10.1 ஒருபடி மேலே போய், எதிர்ப்பக்கம் பழைய பூட்டில் இருந்தால் எச்சரிக்கை வரியே காட்டும். அந்த வரியை எரிச்சலில் அணைத்துவிடாதீர்கள், எந்தப் பெட்டி பாக்கி என்று அதுவே பட்டியல் தருகிறது. இணையதள இணைப்புகளைப் பூட்டும் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருள் என்றால் 3.5 வேண்டும்.

எபேனுக்கும் சென்னைக்கும் நடுவே நாங்கள் வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருளை ஓட்டுகிறோம், இரண்டு ஆபீசுக்கும் நடுவே பூட்டிய பாதை அது. அதன் சாவி பரிமாற்றம் உண்டியல் ரகம். ஆனால் இரு பக்கமும் முன்பே பகிர்ந்த ஒரு சாவியைக் கூடுதலாகப் போட அதில் இடம் இருக்கிறது, அது இரும்புப் பெட்டி ரகம். ஒரே நிபந்தனை, அந்தச் சாவியை இணையத்தில் அனுப்பக் கூடாது. 44 எழுத்தை ஒரு தாளில் எழுதி, பொங்கலுக்கு ஊருக்குப் போன சகாவின் சட்டைப்பையில் வைத்து அனுப்பினேன். அவர் அங்கே என் சுழியத்தை ஓ என்று படித்து, அரை மணி நேரம் இணைப்பு வராமல் போராடிவிட்டு எனக்குப் போன் செய்து, "இந்தக் கையெழுத்தையே யாராலயும் உடைக்க முடியாது" என்றார்.

கடைசியாகக் குருக்கள் கேட்டது: ஏழு சொல்லும் எனக்கு மறந்துபோனால்? அதைத் தாளில் எழுதி உறையில் ஒட்டி, உற்சவ நகைகள் இருக்கும் பெட்டியில் வைத்தோம். அந்தப் பெட்டிக்கு இரண்டு சாவி, ஒன்று தலைவரிடம், ஒன்று செயலாளரிடம். மஞ்சள் தாளைக் கிழித்துக் குருக்கள் விளக்குத் திரி பற்றவைத்துவிட்டார். திரையின் ஓரத்தில் அதன் பசை மட்டும் இன்னும் இருக்கிறது.